எட்டு வினாடி

எனக்கு மூக்கின் மேல் கோபம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த தவறில் பாதி அந்தக் கோபத்தால் வந்தது. மீதிப் பாதி என் தொழிலால் வந்தது.

கழக்கூட்டத்து ஐ.டி. பார்க்கில், ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் எனக்கு வேலை. ஒரு வெப்சைட்டுக்கு ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்தாலும் அது திணறாமல் ஓட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. சைட்டை எழுதுபவர்கள் வேறு ஆட்கள். அது எந்தக் கம்ப்யூட்டரில் ஓடுகிறதோ, அந்த சர்வரில் இதைக் கூட்டி அதைக் குறைத்துப் பதம் பார்த்து வைப்பவன் நான். சைட் நன்றாக ஓடும்வரை என்னை யாருக்கும் ஞாபகம் இருக்காது. நின்றுவிட்டால் எல்லோருக்கும் என் போன் நம்பர் ஞாபகம் வந்துவிடும்.

எங்கள் மாடியில் எண்பது நாற்காலிகள். கொரோனாவுக்குப் பிறகு எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகிவிட்டார்கள். நான் மட்டும் தினமும் போகிறேன். கடமை உணர்ச்சி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாடகை ஃப்ளாட்டிலும் நான் ஒருவன்தான், ஆபீஸிலும் நான் ஒருவன்தான். ஆபீஸில் ஏசியாவது இரைந்துகொண்டிருக்கும். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களும் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். காலையில் கீழே செக்யூரிட்டிக்காரர், "சாப்பிட்டாச்சா சாரே" என்பார். தென்காசிப் பக்கத்து ஆள். "ஆச்சு" என்பேன். சில நாட்களில் நான் வாய் திறந்து பேசிய ஒரே சொல் அதுதான்.

மாடிக்குப் போனால் எனக்காக ஆயிரம் பேர் காத்திருப்பார்கள். எல்லோரும் பொய் ஆட்கள். சர்வரைச் சோதிப்பதற்காக நானே உண்டாக்கியவர்கள். ஒரு பட்டனைத் தட்டினால் ஆயிரம் பேரும் சைட்டுக்குள் நுழைவார்கள், பெயர் கொடுப்பார்கள், தேதி கேட்பார்கள், போய்விடுவார்கள். இதற்கு லோட் டெஸ்ட் என்று பெயர். அவர்கள் தயங்க மாட்டார்கள், பாஸ்வேர்டை மறக்க மாட்டார்கள், ஒரு கேள்வியை இரண்டு முறை கேட்க மாட்டார்கள். அவர்களோடு எனக்கு நன்றாகவே ஒத்துப்போனது.

அந்த ஜூன் மாதம் எங்களிடம் இருந்தது ஒரு கண் ஆஸ்பத்திரியின் சைட். டாக்டரைப் பார்க்க நாள் பதிவு செய்யும் சைட். பல வருடங்களாக அது விண்டோஸ் சர்வரில் ஓடியது. அதை லினக்ஸுக்கு மாற்ற வேண்டும் என்று முடிவானது. அதே சைட், அதே புரோகிராம், அடியில் ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டும் வேறு. இதில் என்ன இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். வீடு மாறியவர்களுக்குத் தெரியும், அதே பாத்திரம், அதே அரிசி, ஆனாலும் முதல் நாள் சோறு குழையும்.

எங்களுக்கும் முதல் நாள் குழைந்தது. என் பொய் ஆட்களை இரண்டாயிரமாக்கி அனுப்பியதில், ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ளே போனதும் சர்வர் கதவைச் சாத்திக்கொண்டது. அரை நாள் மண்டை காய்ந்தது. லினக்ஸ், வருகிற ஒவ்வொரு ஆளையும் திறந்து வைத்த ஒரு ஃபைலாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒரு புரோகிராம் ஆயிரத்து இருபத்துநாலு ஃபைலுக்கு மேல் திறக்கக்கூடாது என்று அந்த மெஷினில் ஒரு வரம்பு இருந்தது. விண்டோஸில் இத்தனை வருடம் நான் நினைத்தே பார்க்காத விஷயம். வரம்பை உயர்த்தினேன். அடுத்த சிக்கல் வந்தது.

அதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். பழைய சர்வரின் வாசலில் ஒரு பெஞ்சு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து விண்ணப்பத்தை முழுதாக நிரப்பிய பிறகுதான் கவுண்டருக்குப் போவார். அவர் எவ்வளவு மெதுவாக எழுதினாலும், அதாவது அவர் நெட் எவ்வளவு மெதுவாக இருந்தாலும், கவுண்டர் காலியாக இருக்கும். அந்தப் பெஞ்சு விண்டோஸோடு கூடவே வந்தது. நாங்கள் போட்டதில்லை, அதனால் அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. லினக்ஸில் நாங்கள் ஏற்றிய சர்வரில் பெஞ்சு இல்லை. வருகிறவர் நேரே கவுண்டரில் வந்து உட்கார்ந்துகொண்டுதான் பேனா மூடியையே திறப்பார். மொத்தம் இருநூறு கவுண்டர். மெதுவான ஆட்கள் இருநூறு பேர் சேர்ந்தால் மற்றவர்கள் எல்லோரும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

பொய் ஆட்களை வைத்துப் பார்த்தபோது இது தெரியவில்லை. அவர்கள்தான் மின்னல் வேகத்தில் எழுதுகிறவர்கள் ஆயிற்றே. உண்மையான நோயாளிகளை உள்ளே விட்ட முதல் காலையிலேயே, பத்து மணிக்குப் பதிவு திறந்த உடனே, காத்திருப்பவர்களின் எண்ணிக்கையைக் காட்டும் என் கிராஃப் கூரைக்குப் போய்விட்டது.

சரியான வைத்தியம், நாமே ஒரு பெஞ்சு போடுவது. அதாவது முன்னால் ஒரு சின்ன சர்வரை வைத்து, விண்ணப்பம் முழுதாக வந்த பிறகு உள்ளே அனுப்புவது. அதற்கு அனுமதி வாங்க வேண்டும், இரண்டு வாரம் ஆகும். குறுக்கு வழி ஒரே ஒரு வரி. ஒரு விண்ணப்பம் வந்து சேர எத்தனை வினாடி பொறுக்கலாம் என்று சர்வருக்குச் சொல்லும் வரி. அதில் நூற்றிருபது என்று இருந்தது. நான் எட்டு என்று மாற்றினேன். எட்டு வினாடிக்குள் எழுதி முடிக்காதவர் எழுந்து போக வேண்டும்.

எட்டு எங்கிருந்து வந்தது? என் இடத்திலிருந்து போட்டோவோடு ஒரு விண்ணப்பத்தை அனுப்பிப் பார்த்தேன். இரண்டு வினாடி ஆனது. அதைப் போல நாலு மடங்கு கொடுத்தேன். தாராளம் என்றுதான் நினைத்தேன். சோதனைக்கு நான் வைத்திருந்த மெஷினும் சர்வரும் ஒரே அறையில், அடுத்தடுத்த அலமாரியில் இருந்தன. எங்கள் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் சோதிப்போம். ஊர் முழுக்க அந்த அறைக்குள் இருப்பதாக ஒரு நினைப்பு.

கிராஃப் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. மானேஜர் மேடம் போனில் கூப்பிட்டு, "கிராஃப் சூப்பராயிட்டுண்டு, கேட்டோ" என்று மலையாளத்தில் மெச்சினார். யாராவது பாராட்டினால் எனக்குத் தலைகால் புரியாது. வெளியே தள்ளப்பட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் சர்வர் 408 என்று ஒரு வரி எழுதி வைக்கும். அந்த வரிகள் ரிப்போர்ட்டில் வராதபடி நானே வடிகட்டிவிட்டேன். இப்படி ஒதுக்குவதை நாங்கள் இரைச்சலைக் கழிப்பது என்போம்.

இனி அக்காவைப் பற்றி. நாங்கள் மலைமேல் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவர்கள். நான் படிப்பென்று கீழே இறங்கி வந்து இங்கேயே தங்கிவிட்டேன். அவள் அங்கேயே கல்யாணமாகி அங்கேயே இருக்கிறாள். அத்தான் தவறி நாலு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. எஸ்டேட் ஃபேக்டரி பூட்டிக் கிடக்கிறது, தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் பாதிக்கு மேல் ஆளில்லை. அந்த வருடம் அவளுக்கு இடது கண்ணில் புகை மூட்டம் போலத் தெரிய ஆரம்பித்தது. அடிவாரத்து விதுராவில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் உடனே காட்டச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி நான் சொன்ன ஆஸ்பத்திரிதான். புது நோயாளிகளுக்கு ஆன்லைனில் மட்டுமே பதிவு. சீட்டை போட்டோ எடுத்து விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டும்.

நானே பதிந்து தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். ஓடிபி அவள் போனுக்குத்தான் போகும், அதை அவள் பார்த்து எனக்குச் சொல்லி முடிப்பதற்குள் காலாவதியாகிவிடும். அதோடு அவளுக்கும் அதில் இஷ்டமில்லை. எஸ்டேட் பெண்களின் சுய உதவிக் கூட்டத்தில் போனில் எல்லாம் செய்யப் படித்திருந்தாள். "உன் சைட்டுதானே, நானே செஞ்சுக்கிடுதேன்" என்றாள். சைட் என்னுடையது இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை.

லினக்ஸுக்கு மாறிய இரண்டாம் நாள் காலை, பத்தே காலுக்கு என் போன் அடித்தது.

"டே, உன் சைட்டு என்னைய வெளிய தள்ளுது."

"என்ன வருது?"

"வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு. பின்னே பொசுக்குன்னு போயிருது."

"சிக்னல் ரேஞ்ச் இருக்கிற இடத்துல நின்னுதானே செய்ற?"

"ஃபேக்டரிக்குப் பின்னால மேட்டுலதான் நிக்கேன். ரெண்டு புள்ளி காட்டுது, கேட்டியா."

"உன் போன் பழசுக்கா. இங்க எனக்கு உடனே வருது."

"செரி டே. நீ ஜோலியப் பாரு. நாளைக்கு நோக்கலாம்."

மறுநாளும் பத்தே காலுக்கு அடித்தாள். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு முறையும் நான் எரிந்து விழுவேன். போன் பழசு, நெட்வொர்க் சரியில்லை, அவசரப்பட்டு ரெண்டு தடவை அமுக்கியிருப்பாய். சைட்டுக்காரர்கள் எல்லோரும் எல்லோரிடமும் சொல்கிற பதில்கள்தான். திட்டி முடித்ததும் அவள் வேறு பேச்சுக்குப் போவாள். மழை ஓயவில்லை, அட்டை கடி தாங்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்களும் காலி செய்து போய்விட்டார்கள், நீ என்ன சாப்பிட்டாய். பத்து நிமிடம், சில நாள் இருபது நிமிடம். அதற்கு முன்னால் மாதத்துக்கு ஒருமுறை பேசிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது வாரத்திலிருந்து நான் பத்து மணிக்கே போனை மேசையில் நிமிர்த்தி வைக்க ஆரம்பித்திருந்தேன். அந்த நேரத்தில் மீட்டிங் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அவளுக்குப் பதிவு கிடைக்காதது பற்றிக் கவலை இருந்தது, ஆனால் கவலையை விட அந்த அழைப்பு பெரிதாக இருந்தது. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கே நேரில் போய் யாரையாவது பிடித்துக் கேட்டிருக்கலாம். கிராஃபை விட்டு நகர மனமில்லாமல் தள்ளிப்போட்டேன். எனக்கு யாரோடாவது பேச வேண்டியிருந்தது. வெட்கம்தான், ஆனால் அதுதான் உண்மை.

ஐந்தாவது வாரம் போன் அடிக்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் இல்லை. பதிவு கிடைத்திருந்தால் முதலில் என்னிடம்தான் சொல்லியிருப்பாள். நான் அழைத்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று மலையாளத்தில் ஒரு பெண் குரல் சொன்னது. எண்பது நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அந்தக் குரலை எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது. சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

நெடுமங்காடு, விதுரா, அங்கிருந்து போனக்காட்டு பஸ். இறங்கும்போது தூறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று துணி பிழிந்துகொண்டிருந்த அக்கா என் சத்தத்தைக் கேட்டுத்தான் திரும்பினாள். இடது பக்கமாக நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன டே, சொல்லாமப் பறையாம வந்திருக்கே?"

"ஏன் போன் பண்ணல?"

"தெவசமும் உன் ஜோலியக் கெடுத்துட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? நீயும் கோவப்படுதே."

காப்பி குடித்துவிட்டு இருவரும் ஃபேக்டரிக்குப் பின்னால் உள்ள மேட்டுக்கு ஏறினோம். அவள் குடை பிடித்தாள். ரவிக்கைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய போனை எடுத்தாள். அது புதுப் போன்.

"இது ஏது?"

"நீதானே பழசு பழசுன்னு சொன்னே. அதான் மாத்தினேன். இதுலயும் வரல்ல." குடையைக் கை மாற்றிக்கொண்டாள். "பின்னே, கண்ணு தெரியாம நாந்தான் எழுத்தத் தப்பா அடிக்கேனோன்னு, மேல் லயத்துப் பொண்ண விட்டு அடிக்கச் சொன்னேன். அப்பவும் வரல்ல, கேட்டியா."

போனை வாங்கி நானே எல்லாவற்றையும் நிரப்பினேன். சீட்டின் போட்டோவைச் சேர்த்தேன். ரேஞ்ச் இரண்டு புள்ளி காட்டியது, மெதுவாக இருந்தாலும் விடாமல் போய்க்கொண்டிருந்தது. பட்டனை அமுக்கியதும் வட்டம் சுற்றத் தொடங்கியது. பழக்க தோஷத்தில் மனதுக்குள் எண்ணினேன். எட்டு என்றபோது பக்கம் போய்விட்டது. மறுபடி அமுக்கினேன். எட்டில் போனது. இன்னொரு முறையும் எட்டுதான். அந்த மலையில் மழையோ பஸ்ஸோ ரேஞ்சோ எதுவும் நேரத்துக்கு வராது. இது மட்டும் எட்டில் வந்து வெட்டியது. இவ்வளவு ஒழுங்காக ஒன்று நடந்தால் அது மலையின் வேலை இல்லை. ஆறாவது மாடியில் உட்கார்ந்து நான் அடித்த ஒரு எண்.

அவள் குடையை என் பக்கம் சாய்த்தாள்.

"உனக்கும் வரலியா டே?" அவள் குரலில் கிட்டத்தட்ட சந்தோஷம் இருந்தது. "அப்போ எம்மேல தப்பில்ல, அல்லே?"

"உன்மேல தப்பில்லக்கா."

யார் மேல் தப்பு என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாய் வரைக்கும் வந்தது. போனைச் சந்தேகப்பட்டு மாற்றினாள், கண்ணைச் சந்தேகப்பட்டு இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். ஐந்து வாரமாக நாள் தவறாமல் இந்த மேட்டில் நனைந்துகொண்டு நின்றவள், என்னை மட்டும் சந்தேகப்படவே இல்லை. "நான் போய்ச் சரி பண்றேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் அதற்கே முகம் மலர்ந்துவிட்டாள். மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீனும் வைத்துப் பரிமாறினாள்.

திங்கட்கிழமை, கழித்து வைத்திருந்த இரைச்சலைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு நாளும் பத்து மணியிலிருந்து பத்தே கால் வரை 408, 408 என்று பக்கம் பக்கமாகப் போனது. அதில் அக்கா எந்த வரி என்று பிரித்துச் சொல்ல முடியாது, எல்லோரும் போன் கம்பெனியின் ஒரே வாசல் வழியாக வருகிறவர்கள். அக்கா மட்டும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. இன்னும் எத்தனையோ மேடுகளில் எத்தனையோ பேர் நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு என்னைப் போல ஒரு தம்பி இல்லாதது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

எட்டைப் பழையபடி நூற்றிருபது ஆக்கினேன். கிராஃப் எகிறியது. மேடம் உடனே கூப்பிட்டார். மெதுவானவர்களை நாம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தோம், அவர்கள் உட்காரப் பெஞ்சு போட வேண்டும் என்றேன். "அதாரா இத்ர ஸ்லோ?" அவ்வளவு மெதுவான ஆள் யார் என்று கேட்டார். மலையில் இருப்பவர்கள் என்றேன். அனுமதிக்கு எழுதச் சொன்னார். இரண்டு வாரத்தில் பெஞ்சும் போட்டாயிற்று. இப்போது என் பொய் ஆட்களில் நூறு பேரை வேண்டுமென்றே மந்தமாக்கி வைத்திருக்கிறேன். இரண்டு புள்ளி ரேஞ்சில் நின்றுகொண்டு போட்டோ அனுப்புவார்கள், பாதியில் அறுந்து மறுபடி தொடங்குவார்கள். அவர்களைத் தாங்காத சர்வரை நான் வெளியே விடுவதில்லை.

அக்காவுக்கு அந்த வாரம் புதன்கிழமையே பதிவு கிடைத்தது. பத்து மணி நாலு நிமிடத்துக்குப் போன் அடித்தாள். "கிட்டிச்சு டே! ஒரே தடவையில கிட்டிச்சு! நீ வந்து நோக்கிட்டுப் போனதுக்கப்புறம் இங்க ரேஞ்சு நல்லா இருக்கு, கேட்டியா." நான் ஆமாம் போட்டேன். மறுநாள் பத்தே காலுக்குப் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்குக் கூப்பிட இனி ஒரு காரணமும் இல்லை என்பது பத்தரைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர் கண்ணில் மருந்து விட்டு, மெஷினில் முகத்தை வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது என்றார். போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிக்கொள்ளலாம், வலது கண் தப்பித்தது என்றார். அந்த வாரங்கள் எவ்வளவு பார்வையை எடுத்துக்கொண்டன என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவரால் சொல்ல முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு அவர் விதுரா டாக்டரின் சீட்டைப் பிரித்துத் தேதியைப் பார்த்தார். "இது ஆறு ஆழ்ச முன்பத்தேயாணல்லோ. எந்தா இத்ர வைகியே?"

ஆறு வாரத்துக்கு முந்தைய சீட்டு, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கிறார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அக்கா முந்திக்கொண்டாள்.

"எங்க மலையில ரேஞ்சு இல்ல சாரே. பின்னே இவன் வந்துதான் எல்லாம் செரியாக்கித் தந்தான். எனக்கத் தம்பி. இவனுக்கு இந்த ஜோலிதான்."

சொல்லிவிட்டு, நான் இடது பக்கம் நின்றிருந்ததால், நல்ல கண்ணால் பார்ப்பதற்காக முகத்தை முழுதாகத் திருப்பி என்னைப் பெருமையாகப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.